மேய்ப்பரின் சொல்லும் மந்தையின் விசுவாசமும்

ஈழத்து முற்போக்குப் புனைகதைகளிலே கிறிஸ்தவக் குருவானவர் பெரும்பாலும் இரண்டு வேடங்களிலேயே தோன்றுகின்றார். ஒன்றில் அவர் உடைமை வர்க்கத்தின் தோழர். ஏழைப் பங்குமக்களுக்கு மறுவுலகத்தைக் காட்டிச் சமாதானம் சொல்பவர். அல்லது அவர் மெழுகுதிரிபோல் உருகும் தியாகி. முன்னவரை வெறுக்கவும் பின்னவரை வணங்கவும் நாம் பழகியிருக்கின்றோம். ஆனால், கோயிலின் பின்வரிசையிலே முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு முழந்தாளிட்டிருக்கும் பெண்ணை எழுதியவர் மிகச் சிலரே. குருவானவர் கயவரானால் அவள் ஏமாளி. தியாகியானால் அவள் சாட்சி. அவளுக்கென்று ஒரு சிந்தனை இருக்கக்கூடும், தன் மேய்ப்பரை அவள் எடைபோடக்கூடும், எடைபோட்டுக் குறைகண்ட பின்னரும் செபமாலையைக் கீழே வையாதிருக்கக்கூடும் என்பது நமது கதைகளுக்கு இன்னும் எட்டாத செய்தியாகவே உள்ளது.

கே. டானியலை இங்கு நினையாதிருத்தல் இயலாது. அவரது ‘கானல்’ (1986), சாதிக்கொடுமையிலிருந்து விடுதலை தேடிக் கத்தோலிக்கத்தைத் தழுவிய யாழ்ப்பாணத்துப் பஞ்சமரைச் சாதி அங்கும் தொடர்ந்து வந்ததைப் பொருளாகக் கொண்ட நாவல். தலைப்பே தீர்ப்பாகும். அத்தீர்ப்பை மறுக்க நமக்கு நியாயம் எதுவுமில்லை. டானியல் தாமே ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்தவர். கத்தோலிக்கக் கோயிலை உள்ளிருந்து கண்டவர். எனினும் நாவலை மூடியபின் ஒரு வினா எஞ்சுகின்றது. கானலென்று கண்டவர்கள் திரும்பிப் போயிருக்கவேண்டும் அல்லவா? வரலாற்றிலே அவர்களிற் பெருந்தொகையினர் திரும்பவில்லை. அங்கேயே இருந்தார்கள், இன்றும் இருக்கின்றார்கள். ஏன்?

வன்னிப் பெருநிலத்துப் பாடசாலைகளிலே கற்பிக்கும் நமக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. நமது மாணவரின் பேத்திமாரும் தாய்மாரும் 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தவர்கள். பாலத்துக்கு அப்பாலும் இப்பாலும் மகனை இழந்தவர்கள், கணவனைக் கையளித்துவிட்டு வந்தவர்கள் அவர்களுள் பலர். அந்நாட்களில் நாட்டின் உயர்ந்த பீடங்களிலிருந்து தமக்காக ஒரு சொல் வருமென்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். வந்த சொல் எத்தகையது என்பதையும் அவர்கள் அறிவார்கள். ஆயினும் ஞாயிற்றுக்கிழமை பூசைமணி அடிக்கும்போது அவர்களே முதலில் வீதியில் இறங்குகின்றார்கள்.

இதற்கு இரண்டு ஆயத்த விடைகள் உண்டு. திருச்சபைத் தரப்பின் விடை: தலைவர்களும் பலவீனமுள்ள மனிதரே, ஆதலால் மனிதரைப் பாராது இறைவனைப் பார் என்பது. கேட்பதற்குத் தாழ்மையாக ஒலிக்கும் இவ்விடை, உண்மையிலே தலைவர்களைக் கணக்கொப்பிக்கும் கடமையிலிருந்து விடுவிக்கின்றது. நமது தரப்பின் விடை: மதம் அபினி, மயக்கம் தெளியத் தெளிய மக்கள் தாமே விலகுவர் என்பது. மார்க்ஸ் அச்சொல்லை எழுதிய பந்தியிலேயே மதத்தினுள் உறையும் எதிர்ப்பையும் சுட்டினார் என்பதை நாம் வசதியாக மறந்துவிட்டோம். நமது விடையின்படி 2009க்குப் பின் வன்னிக் கோயில்கள் வெறிச்சோடியிருத்தல் வேண்டும். அவ்வாறு நேரவில்லை. ஆகஸ்ட் மாதத்து மடுத் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கில் மக்கள் திரள்கின்றனர். விலகிப் போனவர்களும் இருக்கின்றார்கள்தாம். போருக்குப் பின்னர் தகரக் கொட்டில்களில் எழுந்த சுயாதீனச் சபைகளை நாடியோர் சிலர். ஆனால் அங்கும் ஒரு போதகர் இருக்கின்றார். தலைமையின்மேல் வைத்த நம்பிக்கை விலாசம் மாறியதேயன்றி வேறென்ன நேர்ந்தது என்று நாம் ஐயுறுகின்றோம்.

இந்நிலத்தின் கத்தோலிக்கம் எவ்வாறு வேரூன்றியது என்பதைச் சற்றே நோக்குதல் வேண்டும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருமாரை அகற்றினர். கோவாவிலிருந்து யோசவ்வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இம்மக்கள் குருவின்றி, பூசையின்றி, பாவசங்கீர்த்தனமின்றி வாழ்ந்தார்கள். பிள்ளைகளுக்குச் செபங்களைத் தாய்மாரே சொல்லிக்கொடுத்தார்கள். மருதமடுவில் இன்று வணங்கப்படும் மாதாவின் சுரூபத்தை மாந்தையிலிருந்து தூக்கிக்கொண்டு 1670இல் காடேகியவை இருபது குடும்பங்கள் என்பது வழிவழி வந்த செய்தி. அவர்களுக்கு முன்னே நடந்த மேற்றிராணியார் எவரும் இலர். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலையிலே கொழும்பில் யோசவ்வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்திவிட்டுப் பிற்பகலில் மடுவுக்கு வந்தார். அந்த ஒரு நாளுக்குள் அடங்கிய வரலாற்றை அன்று பேசியவர்களுள் எத்தனைபேர் முழுமையாகச் சொன்னார்கள்? குருவை மதிக்கும், ஆனால் குருவில்லாதபோது மடிந்துபோகாத ஒரு விசுவாசம் இக்காட்டிலே முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பழகிவிட்டது.

இனி மேய்ப்பர்களின் சொற்களுக்கு வருவோம். கதையையும் கவிதையையும் மட்டுமே விமர்சகன் ஆராயலாம் என்று விதி எதுவுமில்லை. கடிதமும் சாட்சியமும் அறிக்கையும் சொற்களால் ஆனவையே. சொன்னவர் எங்கே நின்று சொன்னார், எவரை நோக்கிச் சொன்னார், அதற்காக என்ன விலை கொடுத்தார் என்ற கேள்விகளுக்கு அவையும் விடையிறுத்தல் வேண்டும்.

முதலாவது, பிரான்சிஸ் யோசப் அடிகளார் 2009 மே 10ஆந் திகதி போர்வலயத்தினுள் இருந்து பாப்பரசர் பதினாறாம் பெனடிக்டுக்கு எழுதிய கடிதம். எழுதியவர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர், முதியவர். கல்லூரி அதிபராகப் பல்லாண்டு அளந்து பேசப் பழகியவரின் நடையிலே அளவெல்லாம் உடைந்துவிட்டதை இக்கடிதத்திலே காண்கின்றோம். எண்ணும் ஓலமும் விண்ணப்பமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. இக்கடிதத்தால் தம் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதையும் அவர் அறிந்திருந்தார். அதனைக் கடிதத்திலேயே குறித்தும் வைத்தார். நடையழகு பற்றிப் பேச இங்கு இடமில்லை. ஆனால் விலாசத்தைக் கவனியுங்கள். குரு ஒருவர் தம் நாட்டின் பீடங்கள் அனைத்தையும் தாண்டி நேரே உரோமாபுரிக்கு எழுதுகின்றார். சொல்லாமல் விட்ட ஒரு குற்றப்பத்திரிகை அவ்விலாசத்திலே அடங்கியிருக்கின்றது என்பதே நமது வாசிப்பு. எட்டு நாட்களின் பின், மே 18ஆந் திகதி, வட்டுவாகலில் சரணடைந்த புலிகளோடும் அவர்தம் குடும்பத்தினரோடும் அவர் சென்றதைச் சரணடைந்தோரின் மனைவியர் பின்னர் சாட்சியமாகக் கூறினர். பேருந்தில் ஏற்றப்பட்ட அவரை அதன்பின் கண்டவர் இலர். அதே நாளில் வன்னிப் பங்கொன்றின் குருவாகிய சரத்ஜீவன் அடிகளார், மக்களோடு இறுதிவரை நின்று வெளியேறுகையில் களைத்து வீழ்ந்து உயிர்நீத்தார். ஓராண்டுக்கு முன்னர், 2008 ஏப்பிரில் 20ஆந் திகதி, வடகிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராயிருந்த கருணாரத்தினம் அடிகளார் ஞாயிறு பூசை முடித்துத் திரும்பும் வழியில் கிளைமோர்த் தாக்குதலில் கொல்லப்பட்டிருந்தார். வன்னி மக்கள் திருச்சபை என்னும்போது இவர்களையும் சேர்த்தே எண்ணுகின்றார்கள் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, மன்னார் மேற்றிராணியார் இராயப்பு யோசப் 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழு முன் வைத்த சமர்ப்பணம். ஈழத்துத் தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் இச்சமர்ப்பணத்தின் ஒரு பகுதியையேனும் கருத்திற்கொள்ளல் வேண்டும் என்று நாம் துணிந்து கூறுவோம். அது தமிழில் எழுதப்பட்டதா ஆங்கிலத்திலா என்பதன்று பொருள். துயரத்தைச் சொல்ல ஒரு புதிய முறையை அது கண்டது. அம்முறை கழித்தற் கணக்கு. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர், கச்சேரிகளின் பதிவுப்படி, 429,059 பேர். 2009 ஜூலை 10 வரையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர், ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் கணக்குப்படி, 282,380 பேர். எஞ்சியோர் 146,679 பேர். அவர்களுக்கு நேர்ந்தது என்ன?

இதில் ஒரு பெயரெச்சம் இல்லை, கண்ணீர் இல்லை, சிலுவையும் இல்லை. இரண்டு எண்களும் அவருடையவையல்ல, அரசாங்க அலுவலகத்தினதும் உலக நிறுவனத்தினதும் ஆகும். அத்தனைபேரும் இறந்தார்கள் என்றும் அவர் சொல்லவில்லை. கணக்கில் வராதவர்களைக் கணக்குக் காட்டுங்கள் என்று மட்டுமே கேட்டார். எண்ணிக்கையின் நுணுக்கத்திலே கருத்து வேறுபாடு கொள்வோர் உளர். அவர்கள் தம் கழித்தலைச் செய்து காட்டட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய இக்கணக்குக்காக 2012இல் குற்றப் புலனாய்வுத் துறையினர் மேற்றிராணியாரை விசாரித்தனர். அவர் 2021 ஏப்பிரில் 1ஆந் திகதி காலமானார். அன்று பெரிய வியாழன். பாதம் கழுவும் சடங்கின் நாள்.

மூன்றாவது உரைக்கு இப்பொழுது வருகின்றோம். 2012 மார்ச் மாதத்தில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையிலே இலங்கை பற்றிய பிரேரணை முன்வைக்கப்பட்டபோது, மன்னார் மேற்றிராணியாரும் வடக்கின் குருமார் பலரும் சர்வதேசத்தின் தலையீட்டை வேண்டி நின்றனர். கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் அப்பிரேரணையை நாட்டின் இறைமையில் வேண்டாத தலையீடென்றும் மக்களின் அறிவுக்கு இழுக்கென்றும் கண்டித்தார். ஒரே விசுவாசப் பிரமாணத்தை ஓதும் இருவர். ஒருவர் எண்களைக் கேட்கின்றார், மற்றவர் இறைமையைப் பேசுகின்றார். இவ்விரண்டாவது உரையின் குறைபாடு அதன் அரசியல் மட்டுமன்று. அதில் ஆள் இல்லை. ‘நாடு’ உண்டு, ‘மக்கள்’ உண்டு, ‘பெருமை’ உண்டு. வட்டுவாகலில் மகனைக் கையளித்த ஒரு கத்தோலிக்கத் தாய் இல்லை. 2018இல் அவர் மனித உரிமைக் கோட்பாட்டை மேற்குலகின் புதிய மதமென்று இகழ்ந்து பேசியதும் இதே நடையின் தொடர்ச்சியே.

பின்னர் 2019 ஏப்பிரில் 21ஆந் திகதி வந்தது. உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்கள் குண்டுகளால் சிதைந்தன. விடுதிகளிலும் சேர்த்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உள்நாட்டு விசாரணைகளில் உண்மை வெளிவராதது கண்ட கர்தினால், 2022 மார்ச்சில் ஜெனீவாவின் அதே பேரவைமுன் நின்று சர்வதேசத்தின் உதவியை வேண்டினார். இதைக்கொண்டு எள்ளி நகையாட நாம் இங்கு வரவில்லை. கட்டுவாப்பிட்டியின் பிணங்களும் முள்ளிவாய்க்காலின் பிணங்களும் ஒரே மண்ணிற் புதைந்தவை. பத்தாண்டு முன்னர் வன்னித்தாய் தட்டிய கதவையே அவரும் தட்டவேண்டியதாயிற்று. அங்கே நின்றபோது, தமக்கு முன்னர் அக்கதவைத் தட்டியவர்களை அவர் நினைத்தாரா என்பதே நாம் கேட்கவேண்டியது.

தனிமனிதரைக் குறைகூறுவதோடு நின்றுவிடுதல் நமது முறையன்று. உயர்பீடம் ஏன் இவ்வாறு பேசுகின்றது? 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசு சுவீகரித்தபோது தென்னிலங்கைக் கத்தோலிக்கர் பாடசாலைகளுக்குள் புகுந்திருந்து எதிர்த்தனர், தோற்றனர். 1962இன் சதிமுயற்சியில் குற்றஞ்சாட்டப்பட்ட அதிகாரிகளிற் பெரும்பாலோர் கிறிஸ்தவராயிருந்தமை அச்சத்தை மேலும் வளர்த்தது. அந்நியரின் மதம் என்ற பழிச்சொல்லைக் கழுவும் முயற்சியிலே திருச்சபைத் தலைமை அரசோடு மோதாதிருக்கக் கற்றுக்கொண்டது. இலங்கைக் கத்தோலிக்கரிற் பெரும்பான்மையினர் சிங்களம் பேசுவோர் என்பதும் இதனோடு சேரும். பாடசாலைச் சுவீகரிப்பை இடதுசாரி இயக்கம் வரவேற்றது. அது நியாயமானது என்றே நாமும் கருதுகின்றோம். எனினும், சிறுபான்மை மதமொன்றைப் பெரும்பான்மைத் தேசியத்தின் காலடியிலே தேசபக்திக்குச் சான்று தேட வைத்ததில் அக்காலத்து அரசியலுக்குப் பங்குண்டு. இதை ஏற்க நம் தோழர்களுக்குச் சற்றுக் கசப்பாகவே இருக்கும்.

கசப்பு நம் பக்கத்திலும் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. வவுனியா மன்னார் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 2009 ஜனவரியில் யாழ்ப்பாண மேற்றிராணியார் தோமஸ் சவுந்தரநாயகம் மக்களின் பாதுகாப்புக்காக அரசிடம் முறையிட்டதோடு, பாதுகாப்பு வலயத்திலே மக்கள் நடுவில் நின்று எறிகணை வீசவேண்டாமென்று புலிகளையும் கேட்டுக்கொண்டார். இத்தகைய குரல் அடிக்கடி எழுந்ததா? இல்லை. 2009இன் முற்பகுதியில் வலைஞர்மடம் தேவாலயத்திலே தஞ்சம் புகுந்திருந்த இளைஞர் யுவதிகளைப் புலிகள் பலவந்தமாக இழுத்துச் சென்றனர். கோயிலுக்குள் இருந்து பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, எறிகணையில் பிள்ளையை இழந்த தாய்க்குக் கிடைத்த அளவு மேடைகூட இன்றுவரை கிடைக்கவில்லை. நாம் மேலே போற்றிய கழித்தற் கணக்கிலும் இப்பிள்ளைகள் விடையாகிய எண்ணுக்குள் அடங்குவார்களேயன்றி, அவர்களை அங்கே கொண்டுசென்ற கை எது என்பது அக்கணக்கிலே தெரியாது. அதைச் சொல்லும் கடமை நம் மேய்ப்பர்களுக்கும், நம் எழுத்தாளர்களுக்கும், ஆசிரியர்களாகிய நமக்கும் இருந்தது.

இத்தனையையும் அறிந்த மக்கள் என்ன செய்கின்றார்கள்? நாம் அறிந்த பங்கொன்றிலே, திருச்சபைப் பெரியவர் ஒருவர் வருகின்றாரென்று வாழைமரமும் தோரணமும் கட்டினார்கள். மாணவனொருவனின் தாய் அன்று கோயிலுக்குச் செல்லவில்லை. வீட்டிலிருந்து மிளகாய்க் கன்றுக்கு நீர் இறைத்தாள். மறுநாட் காலைப் பூசைக்கு வழமைபோற் சென்றாள். காரணம் கேட்டபோது அவள் சொன்னது: “கோயில் எங்கட, சேர். கதிரைதான் அவையின்ர. கதிரையில இருக்கிறவையை மாதா பாத்துக்கொள்ளுவா; நான் மாதாவைப் பாக்கப் போறன்.” இதை மூடநம்பிக்கை என்று சொல்வோமா? உடைமை, அதிகாரம், விசுவாசம் ஆகிய மூன்றையும் அவள் தனித்தனியே பிரித்து வைத்திருக்கின்றாள். நம் கட்டுரைகள் பல பக்கங்களிற் செய்யத் தவறும் காரியம் அது.

அவளுடைய மறைநூலும் அவளுக்குத் துணையாகவே நிற்கின்றது. எசேக்கியேல் ஆகமத்தின் 34ஆம் அதிகாரம் மந்தையை மேய்க்காது தம்மையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர்களைச் சபிக்கும் பகுதி. சேவல் கூவுமுன் மும்முறை மறுதலித்த இராயப்பரையும், நீதியை விற்ற தலைமைக்குரு கைப்பாசையும் நான்கு சுவிசேஷங்களின் மரபு மறைக்கவில்லை. தன் தலைவர்களின் வீழ்ச்சியைத் தானே எழுதிவைத்து, ஆண்டுதோறும் பெரிய வாரத்திலே உரக்க வாசிக்கும் சமயம் இது. இவ்வாசகங்களை ஆண்டாண்டாகக் கேட்டுவந்த ஒருத்திக்கு, தலைவரின் துரோகம் விசுவாசத்தின் முடிவாகத் தோன்றவேண்டிய அவசியமில்லை. கதையின் நடுவே ஒரு கட்டமாகவே தோன்றுகின்றது. எல்சல்வடோர் நாட்டின் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ 1980 மார்ச் 24இல் பீடத்தருகே சுடப்பட்டபோது அவருடைய சகமேற்றிராணிமாரிற் பலர் அவரை எதிர்த்துக்கொண்டிருந்தவர்களே. உரோமாபுரி அவரைப் புனிதராக்க 2018 வரை காலம் எடுத்தது. அந்நாட்டுக் குடியானவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. தாமாகவே அவரைப் புனிதரென்று அழைத்துவந்தார்கள்.

ஆயினும் இவ்விசுவாசத்தைப் போற்றிப் பாடிவிட்டு அமையவும் நம்மால் இயலாது. கோயிலையும் கதிரையையும் பிரித்து வாழ்பவள் கதிரையை அசைக்காமலே வாழ்ந்துவிடும் வாய்ப்பும் உண்டு. பீடங்களுக்கு இதைவிட வசதியான பங்குமகள் வேறெவள்? மிளகாய்க் கன்றுக்கு நீர் இறைத்தது எதிர்ப்புத்தான். ஆனால் அதைக் கண்டவர் எத்தனைபேர்? இங்குதான் 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலே தொடங்கிய தாய்மாரின் போராட்டம் கவனத்துக்குரியதாகின்றது. செபமாலை வைத்திருந்தவளும் திருநீறு பூசியிருந்தவளும் ஒரே பந்தலின்கீழ் ஒரே கேள்வியோடு அமர்ந்தார்கள். குருமாரிற் சிலர் அங்கு வந்து அமர்ந்தபோது தலைமைதாங்க வந்தவர்களாகவன்றி, உடன் இருக்க வந்தவர்களாகவே இடம்பெற்றார்கள். அதே ஆண்டு மே மாதத்தில், முள்ளிவாய்க்கால் கிழக்குச் சின்னப்பர் தேவாலயத்தின் அருகே இறந்தோரின் பெயர் பொறித்த கற்களை நாட்ட எழில் இராஜேந்திரம் அடிகளார் முயன்றபோது, முல்லைத்தீவு நீதிமன்று தடையுத்தரவு பிறப்பித்தது. பொலிசார் அவரை விசாரணைக்கு அழைத்தனர். கல்லில் வெறும் பெயர்கள்தாம் இருந்தன. இராயப்பு யோசப்பின் எண்ணிலிருந்து பெயருக்கு வந்த தூரம் அது.

நமது புனைகதை இத்தூரத்தை இன்னும் நடக்கவில்லை. போரைப்பற்றி வந்துள்ள கதைகளிலே குருவானவர் வெள்ளை அங்கியோடு கடந்து செல்கின்றார், மணி ஒலிக்கின்றது, சிலுவை உடைந்து கிடக்கின்றது. இவையெல்லாம் மேடைப் பொருள்கள். பின்வரிசைப் பெண்ணோ தன் மகனின் படத்தைச் செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, பிரசங்கத்திலே எந்தச் சொல் வருகின்றது, எந்தச் சொல் வரவில்லை என்பதை ஒவ்வொரு ஞாயிறும் கூர்ந்து கேட்டுக்கொண்டிருக்கின்றாள். அவள் கேட்கும் முறையை அறிந்து எழுதும் எழுத்தாளருக்கு, அவர் ஆத்திகராயினும் நாத்திகராயினும், வன்னியிலே பொருள் நிறையக் கிடக்கின்றது.